குடியோட்டிப் பூண்டு

வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கொல்லிமலையும் அரண்போல் நிற்க, மேற்கே காவிரியாறு ஒழுக, இவற்றிடையே பரந்து கிடப்பது சேலம் நாமக்கல் சமவெளியாகும். திருமணிமுத்தாறு சேலம் நகரினூடே பாய்ந்து, தெற்கு நோக்கிச் சென்று, காவிரியிற் கலக்கின்றது. இப்பகுதியில் நன்செய் குறைவு; புன்செய் மிகுதி. புன்செய் நிலத்தை இந்நாட்டார் ‘காடு’ என்றே வழங்குவர். சோளம், நிலக்கடலை, மரவள்ளி முதலியன இக்காடுகளில் விளைகின்றன. பயிரிடாத நிலங்களிலும் ஏரிக்கரைகளிலும் புறம்போக்குகளிலும் ஆடுமாடுகள் மேய்கின்றன.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி தொடங்கியபின், இந்நிலத்து வழியே செல்வோர் ஒரு செடியைக் காணாதிருத்தல் இயலாது. பாதையோரத்திலும், ஆற்றுமணலிலும், இடிந்த சுவர்களின் அருகிலும், தரிசு நிலத்திலும் அது முளைத்து நிற்கும். தைத் திங்கள் பிறந்ததும் அதன் உச்சியில் பொன்னிற மலர்கள் விரியும். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அஃது அழகிய காட்சியே. அருகிற் சென்று கைநீட்டுவார்க்கோ முள்ளே விடையாகும். இச்செடிக்குக் குடியோட்டிப் பூண்டு என்றும் பிரமதண்டு என்றும் பெயர்கள் உண்டு.

இச்செடியைப்பற்றி யான் அறிந்தவற்றை உங்கட்குச் சொல்லுமுன், யான் அறியாமையாற் செய்த பிழையொன்றைச் சொல்லிவிடுதல் முறையாகும்.

பல்லாண்டுகட்கு முன்னர், இராசிபுரத்துக்கு அணித்தான ஓர் ஊர்ப் பள்ளியில் யான் தமிழாசிரியனாக இருந்தேன். ஒருநாள் செடிகொடிகளின் பெயர்களைப் பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கையில், மாணவி ஒருத்தி இம்முட்பூண்டின் கிளையொன்றைத் துணியிற் சுற்றிக் கொணர்ந்து, “ஐயா, இதன் பெயர் என்ன?” என்று வினவினாள். யான் சற்றும் தயங்காது, “இது பிரமதண்டு, நம் முன்னோர் பன்னூறாண்டுகளாக அறிந்து போற்றிய மூலிகை” என்று விடை பகர்ந்தேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த சிறுவனொருவன் எழுந்து நின்றான். அவன் ஆடு மேய்க்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன். “ஐயா, எங்கள் பாட்டி இதைக் குடியோட்டி என்பார். வெள்ளாடு எருக்கிலையைக்கூட ஒரு வாய் கடித்துப் பார்க்கும். இதை மோந்தும் பாராது. இது பெருகிய இடத்தில் எங்கள் ஆட்டுக்குப் புல்லே கிடைப்பதில்லை” என்றான். யான் புன்முறுவலோடு அவனை அமரச் செய்தேன்.

அன்று மாலை எங்கள் பள்ளியின் அறிவியலாசிரியரிடம் இதனைக் கூறினேன். அவர், “ஐயா, இச்செடி மெக்சிகோ நாட்டிலிருந்து வந்ததாயிற்றே! அமெரிக்கக் கண்டத்துக்குக் கடல்வழி காணும்வரை நம் நாட்டார் இதனைக் கண்டிருத்தல் எங்ஙனம் கூடும்?” என்றார். யான் நாணினேன். பெயரைக் கொண்டு பொருளை அறிந்துவிட்டதாக எண்ணிய என்னினும், பொருளை நேரிற் பார்த்துப் பழகிய அச்சிறுவனே மெய்யை அறிந்தவன். மறுநாள் வகுப்பில் என் பிழையை எடுத்துரைத்தேன். அன்றுமுதல் ஒரு செடியின் பெயரைச் சொல்லுமுன் அதன் உறுப்புகளை உற்றுநோக்கும் வழக்கத்தை மேற்கொண்டேன். நீங்களும் அவ்வாறே செய்யவேண்டும் என்பது என் விருப்பம். ஆதலின் முதற்கண் இச்செடியின் அடையாளங்களைக் காண்போம்.

குடியோட்டிப் பூண்டு ஓராண்டே வாழும் செடி. முழங்கால் உயரம் முதல் இடுப்பளவு வரை வளரும். தண்டு வெளிறிய நீலப்பச்சை நிறம் உடையது. ஆங்காங்கே முட்கள் பெற்றது. இலைகட்குக் காம்பு இல்லை. அவற்றின் அடிப்பகுதி தண்டைத் தழுவி நிற்கும். இலைகளின் ஓரம் ஆழமாக வெட்டுண்டு, ஒவ்வொரு பல்லின் நுனியிலும் கூரிய முள் அமைந்திருக்கும். பசிய இலைமீது நரம்புகள் செல்லும் வழியெல்லாம் சுண்ணாம்பு தீற்றினாற்போல வெண்மை படர்ந்திருக்கும். பூவாத இளஞ்செடியையும் இவ்வெள்ளை நரம்பினைக் கொண்டு இனங்காணலாம்.

மொட்டினை மூடிய புல்லியிதழ்கள் மூன்று. ஒவ்வொன்றின் நுனியிலும் சிறு கொம்பு போன்ற உறுப்பு உண்டு. மலர் விரியும்போது இவை உதிர்ந்துவிடும். மஞ்சள் இதழ்கள் பெரும்பாலும் ஆறு. மெல்லிய பட்டுத் துணிபோலக் கசங்கும் இயல்பின. நடுவே மஞ்சள் நிறத் தாதிழைகள் பல சூழ்ந்து நிற்க, அவற்றிடையே சிவந்த சூல்முடி தோன்றும். மலர் வாடியபின் தோன்றும் காய் நீண்டு உருண்டது. அதன் புறமெங்கும் முள். முற்றிய காய் உச்சியிற் பிளந்து வாய் திறக்கும். காற்று அசைக்குந்தோறும் கரிய சிறு விதைகள் சிதறி விழும். ஒரு காயிலேயே நூற்றுக்கணக்கான விதைகள் இருக்கும். ஒரு செடியிற் பல காய்கள் இருத்தலின், அஃது ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கான விதைகளை மண்ணில் விதைத்துச் செல்கின்றது என்பதை நீங்களே கணக்கிட்டு அறியலாம்.

இவை அனைத்தினும் உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. இலையையேனும் தண்டையேனும் கிள்ளினால் மஞ்சள் நிறப் பால் கசியும். எருக்கும் கள்ளியும் வெண்பால் சுரப்பன. இப்பூண்டின் பாலோ மஞ்சள் கரைத்த நீர்போலத் தோன்றும். நம் சமவெளியில் முள்ளிலையும் மஞ்சள் மலரும் மஞ்சட்பாலும் ஒருங்கே உடைய செடியைக் கண்டால், அது குடியோட்டியே எனத் துணியலாம்.

இத்தனை அடையாளங்களை அறிதல் வேண்டுமோ எனச் சிலர் ஐயுறலாம். வேண்டும், ஏனெனில், இச்செடி ஒப்புமையால் மக்களைப் பலமுறை ஏமாற்றியுள்ளது. ஆங்கிலேயர் தம் நாட்டில் ‘திசில்’ எனப்படும் முட்செடிகளோடு இதனை ஒப்பவைத்து ‘மஞ்சள் திசில்’ என்றனர். உண்மையில் இது திசில் அன்று. திசில் வகைகள் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில் ஒரு மலர்போலத் தோன்றுவது நுண்மலர்கள் பல திரண்ட கொத்தாகும். குடியோட்டியோ நாம் சமையலிற் சேர்க்கும் கசகசாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வறண்ட நிலங்களிலும் மெய்யான திசிலினத்து நாட்டுச்செடி ஒன்று உண்டு. அதன் இலையும் முள்ளுடையதே, ஆயினும், பந்துபோல் உருண்ட வெளிர்நிறப் பூங்கொத்தை அது தாங்கி நிற்கும், மஞ்சட்பால் அதற்கில்லை. அடையாளம் அறியாதவர் களை பறிக்கப் புகுந்தால், வந்தேறிய செடியோடு இந்நிலத்திற்கே உரிய செடியையும் சேர்த்து அழித்துவிடுவர்.

பெயராலும் மயக்கம் நேர்ந்தது. வடமொழியில் பிரமதண்டி என்னும் பெயர் திசிலினத்து முட்செடிக்கு வழங்குவது. பின்னாளில் வந்த மெக்சிகோச் செடியும் முள் நிறைந்திருந்தமையால், அப்பெயர் இதன்மேலும் ஏறிற்று. பெயர் பழையது; செடி புதியது. இவ்வேற்றுமையை உணராமையே யான் முன்னர்க் கூறிய பிழைக்குக் காரணமாயிற்று. சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் இலின்னேயசு 1753ஆம் ஆண்டில் இதற்கு ‘ஆர்கெமோன் மெக்சிகானா’ என்று அறிவியற் பெயரிட்டார். ஆர்கெமோன் என்பது கிரேக்கர் தம் நாட்டில் கசகசாவை ஒத்த வேறொரு செடிக்கு இட்டு வழங்கிய பழம்பெயர். அங்கும் பழைய பெயரே புதிய செடியின்மேல் ஏறியது காண்க. ஆயினும் மெக்சிகானா என்னும் பின்பகுதி அதன் தாயகத்தை மறைக்காது காட்டுகின்றது.

கொலம்பசு அமெரிக்கத் தீவுகளை அடைந்தது 1492ஆம் ஆண்டில். வாசுகோடகாமா கோழிக்கோட்டில் வந்திறங்கியது 1498ஆம் ஆண்டில். அதன்பின் கப்பல்களில் ஏறி அமெரிக்கச் செடிகள் பல நம் நாட்டை அடைந்தன. நம் குழம்பிற்கு உறைப்பூட்டும் மிளகாய் அங்கிருந்து வந்தது. சேலத்துக் காடுகளில் விளையும் நிலக்கடலையும், சவ்வரிசி செய்ய உதவும் மரவள்ளியும் அங்கிருந்து வந்தவையே. ஆகவே, அயல்நாட்டிலிருந்து வந்தது என்னும் ஒன்றே ஒரு செடியைப் பகையாக்குவதில்லை. மரவள்ளி நம்மோடு இருந்து நமக்கு உணவளிக்கின்றது, உழவன் நட்ட இடத்தில் நிற்கின்றது, பிடுங்கினால் நீங்குகின்றது. குடியோட்டியோ நடுவாரின்றித் தானே பரவுகின்றது. பிறவற்றின் இடத்தைக் கவர்கின்றது. வந்தவை விருந்தோ பகையோ என்பதை அவற்றின் செயல்கொண்டே துணிதல் வேண்டும்.

இனி, இப்பூண்டு நிலத்துக்குச் செய்யும் கேட்டினை நோக்குவோம். சேலம் மாவட்டத்து மேச்சேரி, ஆட்டினத்தால் பெயர்பெற்ற ஊர். செந்நிறமுடைய மேச்சேரி ஆடுகள் வறண்ட நிலத்து மேய்ச்சலைக் கொண்டே வளர்வன. கொழுக்கட்டைப் புல்லும் அறுகும் இத்தகைய நிலங்களின் செல்வங்களாகும். ஒரு நிலத்தில் அளவுக்கு மிஞ்சி ஆடுமாடுகளை மேயவிட்டால், அவை சுவையுடைய புல்லை வேரளவாகக் கடித்துவிடும். முள்ளும் கசப்பும் உடைய குடியோட்டியைத் தீண்டா. புல் விதைக்குமுன்னரே அழிய, குடியோட்டி தடையின்றி விதைக்கும். அடுத்த மழைக்குப் புல் முளைக்கவேண்டிய இடத்தில் முள் முளைக்கும். இங்ஙனம் ஆண்டுதோறும் புல் குறைய முள் பெருகும். ஆட்டுக்குத் தீனி குறைந்தால் அவ்வாட்டை நம்பிய குடும்பத்துக்கு வருவாய் குறையும். குடியோட்டி என்னும் பெயரைக் குடி, ஓட்டி எனப் பிரித்துப் பாருங்கள். அதன் பொருள் தானே விளங்கும்.

இப்பூண்டு தன் முள்ளால் மட்டுமே இடத்தைக் காத்துக்கொள்வதில்லை. இதன் இலையும் தண்டும் மட்கும்போது வெளிப்படும் பொருள்கள் வேறு விதைகளின் முளைப்பையும் இளம்பயிர்களின் வளர்ச்சியையும் தடுக்கின்றன என்பது ஆய்வுகளாற் புலனாகியுள்ளது. இதன் விதைகளோ மண்ணுள் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, உழுதோ வெட்டியோ மண்ணைப் புரட்டும்போது விழித்தெழுந்து முளைக்க வல்லவை. வெள்ளமும், வண்டிச் சக்கரத்திற் படிந்த சேறும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அள்ளிச் செல்லும் மணலும், எருவும், தூய்மை செய்யப்படாத விதைத் தானியமும் இதற்கு ஊர்திகளாகின்றன. சாலை அகலமாகும் இடத்திலும், வீடு கட்டக் கிளறிய மண்ணிலும் இது முதலில் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. நிலத்தைப் புண்படுத்துவோர் நாம். அப்புண்ணிற் புகுவது இப்பூண்டு. இதனை மறந்து செடியை மட்டுமே பழித்தல் நடுவுநிலை ஆகாது.

நிலத்துக்குச் செய்யும் கேட்டினும் கொடியது இது மக்கள் உயிருக்குச் செய்யும் கேடு. இதன் விதை உருவத்தாலும் நிறத்தாலும் அளவாலும் கடுகை ஒத்தது. இராசத்தான் முதலிய வடபுலங்களில் கடுகு மிகுதியாக விளைகின்றது. அவ்வயல்களிலும் ஓரங்களிலும் குடியோட்டியும் வளர்ந்து, கடுகு முதிரும் காலத்திலேயே தானும் முதிர்கின்றது. அறுவடையில் தானாகக் கலப்பதும் உண்டு. பொருளாசை கொண்டோர் வேண்டுமென்றே கலப்பதும் உண்டு. இவ்விதையின் எண்ணெயில் ‘சாங்குவினாரின்’ என்னும் நஞ்சு உள்ளது. கடுகெண்ணெயில் நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தாலும் அது நோய் விளைக்க வல்லது. நுண்ணிய குருதிக் குழாய்கள் விரிந்து, அவற்றிலிருந்து நீர் கசியும், கால்கள் வீங்கும், மூச்சு முட்டும், நெஞ்சு தளரும், சிலர்க்குக் கண்ணில் அழுத்தம் மிகுந்து பார்வை கெடும். நோய் முற்றினால் உயிரும் நீங்கும்.

கல்கத்தா நகரில் 1877ஆம் ஆண்டில் இந்நோய் பரவியபோது காரணம் யாதென்று மருத்துவர் அறிந்திலர். உணவிற் சத்துக் குறைவதால் வரும் பெரிபெரி என்னும் நோயிலும் கால் வீங்கும். ஆதலின் இவ்விரண்டையும் ஒன்றெனவே நெடுங்காலம் மயங்கினர். 1920க்கும் 1940க்கும் இடைப்பட்ட ஆண்டுகளிலேயே கடுகெண்ணெயில் கலந்த குடியோட்டி எண்ணெய்தான் காரணம் என்பது தெளிவாயிற்று. செடியைத் திசிலென்றும், விதையைக் கடுகென்றும், நோயைப் பெரிபெரியென்றும் மக்கள் மயங்கியவாறு காண்க. முதலிரண்டு மயக்கங்களினும் மூன்றாவது மயக்கத்திற்கு மக்கள் கொடுத்த விலை பெரிது.

காரணம் தெளிந்தபின்னரும் கேடு ஒழிந்ததோ எனின், ஒழிந்திலது. 1998ஆம் ஆண்டில், நாட்டின் தலைநகராகிய தில்லியிலேயே கலப்படக் கடுகெண்ணெயை உண்டு ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். ஏறத்தாழ 60 பேர் இறந்தனர். அரசு கடுகெண்ணெய் விற்பனையைச் சிலகாலம் தடுத்து நிறுத்த நேர்ந்தது. அறிவு நூலில் இருந்தால் மட்டும் போதாது. அது வாங்குவார் கண்ணிலும் விற்பார் நெஞ்சிலும் இருத்தல் வேண்டும்.

நாம் நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் கொண்டு சமைப்பவர். கடுகெண்ணெயைப் பெரிதும் பயன்படுத்துவதில்லை. ஆயினும், கடுகு தாளிக்காத வீடு இச்சமவெளியில் இல்லை. என் அன்னையார் கடையிலிருந்து கடுகு வந்ததும் அதனை வெள்ளைத் துணியிற் பரப்பிக் கைவிரலால் தடவிப் பார்ப்பார். வழுவழுப்பானவற்றை ஒதுக்கிச் சொரசொரப்பானவற்றைப் பொறுக்கி எறிவார். அக்காலத்தில் அதனை யான் மிகைச் சிக்கனம் என்றே எண்ணியிருந்தேன். இன்று உணவுப் பாதுகாப்புத் துறையினர் கற்பிக்கும் சோதனையும் அதுவே. கடுகின் மேற்புறம் வழுவழுப்பாக இருக்கும். நசுக்கினால் உள்ளே மஞ்சளாக இருக்கும். குடியோட்டி விதையின் மேற்புறம் சொரசொரப்பாகவும் கருமை மிகுந்தும் இருக்கும். நசுக்கினால் உள்ளே வெண்மையாக இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று கிடைக்குமாயின், அவ்விதைமேல் வலை பின்னினாற்போன்ற கோடுகளைக் காணலாம். எண்ணெயிற் கலந்ததைக் கண்ணாற் காண இயலாது; அதனை ஆய்வுக்கூடத்தில் நைட்ரிக் அமிலம் முதலியவற்றைக்கொண்டு வல்லுநர் சோதித்து அறிவர்.

இனி, மாணவர்களாகிய நீங்கள் செய்யத்தக்கது யாது? இச்செடியைக் களையும் காலத்தை அறிந்துகொள்ளுங்கள். காய் முற்றியபின் பிடுங்குவது விதைப்பதற்கு ஒப்பாகும். பூக்குமுன்னரோ, பூத்தவுடனேயோ அகற்றல் வேண்டும். முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே களைதல் வேண்டும் என்று திருவள்ளுவர் பகையை வெல்லும் வழிக்கு உவமையாக அறிவுறுத்தியது இங்கே நேராகவே பொருந்துகின்றது. மழைக்குப்பின் மண் ஈரமாக இருக்கையில், தடித்த துணியைக் கையிற் சுற்றிக்கொண்டு, களைக்கொட்டால் ஆணிவேரோடு எடுங்கள். பெரியோர் துணையின்றி இதனைச் செய்யவேண்டா. காயுள்ள செடியை எருக்குழியில் எறியாதீர்கள். எறிந்தால் எருவோடு விதையும் வயலுக்குச் செல்லும். பணி முடிந்தபின் கைகளை நன்றாகக் கழுவுங்கள். இதன் மஞ்சட்பாலைக் கண்ணோய்க்கு மருந்தென்று சொல்வாரும் உளர். அதனை நம்பிக் கண்ணில் இடாதீர்கள்.

களைந்த இடத்தை வெறுமையாக விடுதலும் தவறு. வெறுநிலம் மீண்டும் இப்பூண்டையே அழைக்கும். அவ்விடத்தில் கொழுக்கட்டைப் புல் முதலிய நாட்டுப் புற்களை விதைத்து, அவை வேரூன்றும்வரை ஆடுமாடுகள் மேயாமற் காத்தால், புல்லே காவலாகிக் குடியோட்டிக்கு இடங்கொடாது நிற்கும். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு அயலிலிருந்து வந்து பரவும் செடிகளை அகற்றி இயற்கை நிலங்களை மீட்பதற்கெனத் தனிக் கொள்கையொன்றை வகுத்தது. உண்ணிச்செடியும் சீமைக்கருவேலும் படர்ந்த பரந்த நிலங்களை மீட்க அரசின் ஆற்றல் வேண்டும். ஆனால், உங்கள் பள்ளிக்கு வரும் பாதையோரத்துக் குடியோட்டியை அறிந்து அகற்றுவதற்கு உங்கள் கண்ணும் கையுமே போதும்.

அன்று என் வகுப்பில் எழுந்து நின்ற சிறுவனை யான் இன்றும் நினைக்கின்றேன். அவன் நிகண்டு கற்றவன் அல்லன். ஆடு எதனை உண்ணும், எதனை உண்ணாது என்பதைக் கண்டறிந்தவன். நூலறிவும் அத்தகைய கண்ணறிவும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டு செல்லும்போதே மெய் விளங்குகின்றது. நாளைக் காலை பள்ளிக்கு வரும் வழியில் பொன்னிற மலரொன்று காற்றில் அசையக் கண்டால் சற்றே நில்லுங்கள். இலையின் வெள்ளை நரம்பைப் பாருங்கள், முள்ளைப் பாருங்கள், குச்சியொன்றால் கீறி மஞ்சட்பால் வருகின்றதா என்று பாருங்கள். அதன்பின் அதன் பெயரைச் சொல்லுங்கள்.